ரசிகர் குழுவில் உங்களைத் தனிப்பட்ட முறையில் தாக்கினால்: சேலத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

திரைப்பாடல் ரசிகர் குழுக்களில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேலத்தில் இப்படிப்பட்ட வாட்ஸ்அப் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. எம்.எஸ்.வி.க்கு ஒன்று, இளையராஜாவுக்கு ஒன்று, ரஹ்மானுக்கு ஒன்று, டி.எம்.எஸ். பாட்டை மட்டும் பாடுபவர்களுக்கு ஒன்று என்று தெருவுக்குத் தெரு ஆட்கள் இருக்கிறார்கள். பாட்டைப் பற்றிய பேச்சு ஒருநாள் ஆளைப் பற்றிய பேச்சாக மாறும். அன்று யாரிடம் போவது, எந்தக் காகிதம் வேண்டும், எவ்வளவு செலவாகும், எத்தனை நாளாகும் என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை. ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

நம் ஊரில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. குழுவில் இருப்பவர் முகம் தெரியாத ஆள் இல்லை. உங்கள் கடைக்கு வருபவராக இருப்பார், பிள்ளையின் பள்ளியில் பார்ப்பவராக இருப்பார். இரவு குழுவில் எழுதியது காலையில் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் பேச்சாகிவிடும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதலில் சான்று, பிறகு தனிச்செய்தி, பிறகு அட்மின், அதற்கும் பிறகுதான் போலீஸ். எடுத்த எடுப்பிலேயே கடைசிப் படிக்குத் தாவியவர்கள் நடுவில் கையில் சான்று இல்லாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

1. எது விமர்சனம், எது தாக்குதல் என்று பிரியுங்கள்

1964-இல் வந்த ஒரு பாட்டைப் போட்டு "இசை: எம்.எஸ்.வி." என்று எழுதுகிறீர்கள். "விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965 வரை சேர்ந்தே இசையமைத்தார்கள், ராமமூர்த்தியின் பெயரை ஏன் விட்டீர்கள்?" என்று ஒருவர் கேட்கிறார். கேட்ட தொனி எவ்வளவு காரமாக இருந்தாலும் இது திருத்தம்தான். நன்றி சொல்லித் திருத்திவிடுங்கள். ஒரு பாட்டை சுத்த சாவேரி ராகம் என்கிறீர்கள். மோகனம் என்று மறுக்கிறார்கள். சுத்த சாவேரியில் மத்தியமம் என்ற 'ம' சுரம் உண்டு, காந்தாரம் என்ற 'க' சுரம் இல்லை. மோகனத்தில் காந்தாரம் உண்டு, மத்தியமம் இல்லை. பாடிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோகும் பேச்சு அது.

நான் பாடி அனுப்பிய ஒரு பாட்டுக்கு "சரணத்தில் சுருதி இறங்கிவிட்டது" என்று ஒருவர் எழுதினார். அது விமர்சனம், கேட்டுப் பார்த்தபோது அவர் சொன்னது சரி. அதற்குக் கீழே இன்னொருவர், "தறி ஓட்டுகிற வீட்டில் பாட்டு எதற்கு?" என்று எழுதினார். அது என் பாட்டைப் பற்றியதே இல்லை. அம்மாப்பேட்டையில் பிறந்து தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் நான். அந்த வரியைத் தாளத்தைப் பற்றிய கருத்தைப்போல விழுங்கிவிட வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை, உங்களுக்கும் இல்லை.

பிரிப்பதற்கு ஒரு கேள்வி போதும்: அந்த வரியில் பாட்டை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது? ஒன்றும் மிஞ்சாவிட்டால் விமர்சனம். உங்கள் சாதி, தொழில், உடல், குடும்பம், நடத்தை, பணம் இவற்றில் ஒன்று மிஞ்சினால் தாக்குதல். மிரட்டல், ஆபாசம், உங்கள் பெயரில் போலிக் கணக்கு, புகைப்படத்தை மாற்றிப் பரப்புவது ஆகியவை நேரடியாகக் குற்றத்தின் வாசலில் நிற்பவை. இவற்றுக்கு மட்டும் 3, 4, 5 ஆகிய படிகளைத் தாண்டி 8-ஆம் படிக்குப் போய்விடுங்கள். ஆனால் 2-ஆம் படியைத் தாண்டக் கூடாது.

2. அன்றிரவே சான்றுகளை எடுத்துவையுங்கள்

எழுதியவர் தன் செய்தியை எல்லோருக்கும் சேர்த்து அழிக்க வாட்ஸ்அப் இரண்டு நாட்களுக்குச் சற்று அதிகமாக அவகாசம் கொடுக்கிறது. பெரும்பாலானவர்கள் மறுநாள் காலையிலேயே அழித்துவிடுவார்கள். குழுவில் செய்திகள் தானாக மறையும் வசதி போடப்பட்டிருந்தால் 24 மணி நேரத்திலேயே கூடப் போய்விடும். ஆகவே அழுகை வந்தாலும், ஆத்திரம் வந்தாலும், முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும்போது அந்த ஒரு வரியை மட்டும் எடுக்காதீர்கள். அதற்கு மேலே நாலைந்து செய்திகள், கீழே நாலைந்து செய்திகள் தெரிய வேண்டும். என்ன பேச்சு எப்படித் திரும்பியது என்று படிப்பவருக்குப் புரிய வேண்டும். தேதியும் நேரமும் குழுவின் பெயரும் ஏதாவது ஒரு படத்திலாவது தெளிவாக விழ வேண்டும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். அவருடைய எண்ணை நீங்கள் "பாட்டு அண்ணன்" என்று பதிந்து வைத்திருந்தால் ஸ்க்ரீன்ஷாட்டிலும் "பாட்டு அண்ணன்" என்றுதான் இருக்கும். அந்தப் பெயருக்கு வேறு எங்கும் மதிப்பில்லை. அவருடைய பெயரைத் தொட்டு உள்ளே போய், எண் தெரியும் பக்கத்தைத் தனியாக ஒரு படம் எடுங்கள். பிறகு குழுவைத் திறப்பதில் தொடங்கி அந்தச் செய்தி வரை உருட்டி, அவருடைய எண் வரை போவதை ஒரே வீடியோவாகத் திரையிலேயே பதிவு செய்யுங்கள். படங்களைவிட இது வலுவானது.

குரல் செய்தியாக இருந்தால் அந்தக் கோப்பையே சேமியுங்கள். அதில் பேசியதை வார்த்தை மாறாமல் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைசியாக, உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

படத்தை வெட்டாதீர்கள். சிவப்பு வட்டம் போடாதீர்கள். அடுத்தவர் எண்ணை மறைக்க வேண்டுமென்றால் நகலில் மறையுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். அந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி மின்னணுச் சான்றுக்கு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். மூல போன் கையில் இருந்தால் அந்த வேலை எளிது.

செலவு: ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கும் காசு மட்டும். இரண்டு பிரதி எடுங்கள். கறுப்பு வெள்ளை போதும்.

3. பதிலை மறுநாளைக்குத் தள்ளுங்கள்

அன்றிரவு குழுவில் எதுவும் எழுத வேண்டாம். நீங்கள் பதிலுக்கு ஒரு கெட்ட வார்த்தை எழுதினால், பிறகு எந்த அதிகாரி முன்னால் உட்கார்ந்தாலும் "இருவரும் திட்டிக்கொண்டார்கள்" என்ற ஒரே வாக்கியத்தில் விஷயம் முடிந்துவிடும். உங்களுக்காகச் சண்டைபோட நண்பர்களையும் ஏவிவிடாதீர்கள். அவருடைய எண்ணையோ, வீட்டு முகவரியையோ, பிள்ளைகளின் படத்தையோ பொதுவில் போட்டால் புகார்தாரர் நிலையிலிருந்து நீங்கள் எதிராளி நிலைக்குப் போய்விடுவீர்கள்.

தூக்கம் வராவிட்டால், மனம் ஒரேயிடத்தில் சுற்றினால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணை (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். இதற்கெல்லாமா அழைப்பது என்று தயங்காதீர்கள். நூறு பேர் பார்க்க ஒருவரை அவமானப்படுத்துவது சின்ன விஷயம் இல்லை.

4. எழுதியவருக்குத் தனியாக ஒரே ஒரு செய்தி

மறுநாள் காலையில் அனுப்புங்கள். போனில் பேச வேண்டாம், பேச்சுக்குச் சாட்சி கிடையாது. நான் அனுப்பியதை இங்கே தருகிறேன், உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

"அண்ணா, வணக்கம். நேற்று இரவு குழுவில் என் பாட்டைப் பற்றி வந்த கருத்துகளை ஏற்றுக்கொள்கிறேன். என் குடும்பத் தொழிலைப் பற்றி நீங்கள் எழுதிய வரி எங்கள் வீட்டில் எல்லோரையும் புண்படுத்திவிட்டது. நாளை மாலைக்குள் அதை நீக்கிவிட்டு, நீக்கியதாகக் குழுவில் ஒரு வரி எழுதுங்கள். நான் இதை இத்துடன் விட்டுவிடுகிறேன்."

இதில் நான்கு விஷயங்கள் இருப்பதைக் கவனியுங்கள். எதை ஏற்கிறேன், எது புண்படுத்தியது, என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள். "போலீசுக்குப் போவேன்" என்ற மிரட்டல் இல்லை. "நாளை மாலை" என்று கெடு வைத்ததற்குக் காரணம், அவர் அழிக்கக்கூடிய அந்த இரண்டு நாள் அவகாசம் தாண்டிவிடக் கூடாது என்பதுதான்.

நம் ஊரில் பாதிக்கு மேற்பட்ட சண்டைகள் இங்கேயே முடிந்துவிடும் என்று நம்புகிறேன். நேரில் முகம் பார்க்க வேண்டியவர்கள் என்ற அந்தச் சிக்கலே இங்கே நமக்கு உதவியாகிறது.

5. அட்மினிடம் கேட்க வேண்டியது

பதில் வராவிட்டால் அட்மினுக்கு எழுத்தில் சொல்லுங்கள். "அவரை நீக்குங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தச் செய்தியை நீக்குவது, ஆளைப் பற்றி எழுதக் கூடாது என்ற விதியைக் குழுவின் விவரத்தில் சேர்ப்பது, தேவைப்பட்டால் சில நாட்களுக்கு அட்மின்கள் மட்டும் எழுதும்படி மாற்றுவது ஆகிய மூன்றையும் கேளுங்கள். இவை எல்லாம் அவர் கையில் இருப்பவை.

அட்மினைச் சட்டத்தைக் காட்டி மிரட்டாதீர்கள். குழுவை நடத்துகிறார் என்ற ஒரே காரணத்துக்காக, அடுத்தவர் எழுதியதற்கு ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் சொல்லியிருக்கிறது. மிரட்டினால் ஒரு நல்ல சாட்சியை இழப்பீர்கள், அவ்வளவுதான் பலன்.

6. பணத்தைப் பற்றிய குற்றச்சாட்டு என்றால்

கூடிப் பாடும் நாட்களுக்கு மண்டப வாடகை, ஒலிபெருக்கி, டீ, தட்டுவடை செட் என்று பணம் வசூலாகும். யாரோ ஒருவர் கையில் அது சேரும். "வசூலித்தது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு?" என்று யார் கேட்டாலும் அது நியாயமான கேள்வி. "தின்றுவிட்டாள்" என்று எழுதினால் அது அவதூறு. இரண்டுக்கும் முதல் பதில் ஒன்றுதான்: கணக்கு.

ஒரே தாளில் எழுதுங்கள். தேதி, யார் கொடுத்தது, எவ்வளவு, ரொக்கமா ஜிபேயா என்று இடப்பக்கம். மண்டபத்துக்கு, ஒலிபெருக்கிக்காரருக்கு, டீக்கடைக்கு என்று வலப்பக்கம். ஒலிபெருக்கிக்காரரிடம் ரசீது வாங்கியிருக்கவில்லை என்றால் இப்போது கேட்டாலும் பில் புத்தகத்தில் எழுதிக் கொடுப்பார். வங்கிக் கணக்கு விவரத்தில் அந்த வரிகளை மட்டும் அச்செடுங்கள், மற்ற வரிகளை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. பிறகு குழுவில் இன்னும் இரண்டு பேரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லி, அவர்கள் கையெழுத்துடன் ஒரே முறை குழுவில் போடுங்கள். மிச்சம் இருந்தால் எவ்வளவு, எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். அதற்கு மேல் விவாதத்தில் இறங்காதீர்கள்.

ரொக்கம் வாங்குவதை இனிமேல் நிறுத்திவிடுங்கள். இருபது ரூபாயாக இருந்தாலும் போன் வழியாகவே வரட்டும். இதைக் கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பாட்டு நன்றாக இல்லை என்ற பேச்சு ஒரு வாரத்தில் மறந்துவிடும், பணம் பற்றிய பேச்சு சம்பந்தம் பேச வருகிறவர்கள் காதுவரை போகும்.

7. வாட்ஸ்அப், பேஸ்புக் நிறுவனங்களிடம் புகார்

ஒருவரைப் பற்றி வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்தால் அவருடைய கடைசி ஐந்து செய்திகள் வரை நிறுவனத்துக்குப் போகும். அவருக்குத் தெரியாது. ஆனால் ரிப்போர்ட் செய்துவிட்டு வெளியேறும் வசதியைத் தொட்டால் உங்கள் போனிலிருந்து உரையாடலே அழிந்துவிடும். 2-ஆம் படியை முடிக்காமல் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

இது தவிர, இந்தியாவில் இயங்கும் சமூக ஊடக நிறுவனங்கள் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது 2021-ஆம் ஆண்டு விதி. எழுதிய 24 மணி நேரத்துக்குள் புகார் வந்ததாக ஒப்புகை தர வேண்டும். அவர் முடிவு திருப்தி இல்லாவிட்டால் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாட்களுக்குள் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை.

8. போலீஸ் புகார்

முதல் தடுமாற்றம், எந்த போலீஸ்? சேலத்தில் மாநகர காவல் ஆணையரகம் தனி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் தனி. இரண்டுக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையம் உண்டு. அம்மாப்பேட்டை, சூரமங்கலம், செவ்வாய்ப்பேட்டை என்றால் மாநகரம். ஏற்காடு, ஓமலூர், ஆத்தூர், மேட்டூர், சங்ககிரி என்றால் மாவட்டம். மாறிப் போனால் அரைநாள் வீண். எல்லை எதுவானாலும் புகாரை வாங்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனாலும் கடைசியில் உங்கள் எல்லைக்குத்தான் அனுப்புவார்கள், நேரே அங்கேயே போய்விடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அந்த மனு சுற்றிக்கொண்டு போலீசுக்கே வரும்.

ஏற்காட்டில் இருப்பவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வரத் தேவையில்லை. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். முகவரி சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன். உள்ளே போகும்முன் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை: ஓடிபி வரும் போன், அடையாள அட்டையின் படம் (5 எம்.பி.க்குள்), ஸ்க்ரீன்ஷாட்கள், நடந்த தேதியும் நேரமும். நடந்ததை விவரிக்கும் பெட்டியில் குறைந்தது 200 எழுத்துகள் இருக்க வேண்டும், நட்சத்திரம், டாலர் போன்ற குறியீடுகளை ஏற்காது. முன்கூட்டியே எழுதிவைத்து ஒட்டுங்கள். 1930 என்ற எண் முதன்மையாகப் பண மோசடிக்கானது, அவதூறுக்கு இணையப் புகார்தான் ஏற்றது.

நேரில் போகிறவர்கள் வழக்கமான அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற அமைப்பில் இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். திட்டிய வார்த்தைகளைக் கூச்சப்பட்டுச் சுருக்காமல் அப்படியே எழுத வேண்டும். "கேவலமாகப் பேசினார்" என்று மட்டும் எழுதினால் எந்தச் சட்டப் பிரிவு என்று அவர்களால் முடிவு செய்ய முடியாது. ஒரு பிரதியில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். புகார் பதிவானதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். கட்டணம் எதுவும் கிடையாது. எப்.ஐ.ஆர். பதிந்தால் அதன் பிரதியும் இலவசம். வாங்க மறுத்தால் அதே மனுவை ஆணையருக்கோ கண்காணிப்பாளருக்கோ ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

இங்கே ஒரு ஏமாற்றத்துக்குத் தயாராகுங்கள். வெறும் அவதூறு, அதாவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு, போலீஸ் தானாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் இல்லை. "கோர்ட்டுக்குப் போங்கள்" என்று சொன்னால் அவர்கள் தட்டிக்கழிப்பதாக உடனே முடிவுகட்ட வேண்டாம். இணையத்தில் புண்படுத்தி எழுதியதற்காகவே கைது செய்ய உதவிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ஆம் தேதி ரத்து செய்துவிட்டது. இன்றும் அதைச் சொல்லி மனு எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அப்படிப்பட்ட மனுவை வாங்காதீர்கள். மிரட்டல், பெண்ணின் மானத்தைக் குலைக்கும் பேச்சு, தொடர்ந்து பின்தொடர்தல், ஆபாசப் பதிவு, ஆள்மாறாட்டம் ஆகியவற்றுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, அதை விசாரிப்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும்.

பெரும்பாலும் இருவரையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். இனி இப்படி எழுத மாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்குவார்கள். வார்த்தையோடு நின்ற சண்டைக்கு அது போதும் என்பது என் கருத்து. அந்தக் கடிதத்தில் பழைய செய்திகளை நீக்குவதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

போலிக் கணக்கு யாருடையது என்று கண்டுபிடித்துத் தருகிறேன், இவ்வளவு ஆகும் என்று எவராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த விவரத்தை நிறுவனத்திடம் முறைப்படி கேட்டு வாங்கும் அதிகாரம் போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும்தான் உண்டு.

9. வழக்கறிஞரும் காலக்கெடுவும்

நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட ஓராண்டுதான் அவகாசம். குற்றவியல் அவதூறுக்கு மூன்று ஆண்டுகள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கு அழைத்தும் கேட்கலாம். மற்றவர்கள் தனி வழக்கறிஞரிடம் போகும்போது நோட்டீசுக்கு எவ்வளவு, வழக்குக்கு எவ்வளவு என்று தனித்தனியாக முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

10. குழுவில் இருப்பதா, விலகுவதா

விசாரணை முடியும்வரை விலகாதீர்கள். மியூட் செய்துவிட்டு இருங்கள், அவர் மேலும் எழுதுகிறாரா என்பது தெரிய வேண்டும். முடிந்த பிறகு விலக விரும்பினால், விலகும் செய்தி அட்மின்களுக்கு மட்டும்தான் காட்டப்படும். ஆனால் விலகியவர்கள் பட்டியலில் 60 நாட்கள்வரை உங்கள் எண் இருக்கும்.

வேறு குழுவில் சேரும்முன் உங்களை யார் குழுக்களில் சேர்க்கலாம் என்ற அமைப்பை "என் தொடர்புகள்" என்று மாற்றுங்கள். முகப்புப் படத்தையும் அப்படியே மாற்றுங்கள். அங்கே யாராவது பாடிப் போட்டதற்கு மற்றவர்கள் எப்படிக் கருத்துச் சொல்கிறார்கள் என்று இரண்டு வாரம் படித்துப் பாருங்கள். சி.எஸ்.ஆர். ரசீது, எழுதி வாங்கிய கடிதத்தின் நகல், அச்செடுத்த படங்கள், கணக்குத் தாள் ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு மூன்று ஆண்டுகள் வீட்டில் வையுங்கள். அந்த போன் பழுதானாலும் தூக்கிப்போடாமல் அதே கோப்போடு சேர்த்து வையுங்கள்.